புழு வூட்டில் சொல்லக்கூடாதது

புழு வூட்டுக்குள் நோயின் பேரைச் சொல்லக்கூடாது. பட்டுப்புழு வளர்க்கிற எல்லா ஊரிலும் இந்தச் சட்டம் உண்டா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மாரண்டஹள்ளிக்கு மேற்கே மாது வீட்டில் உண்டு. செருப்பை வெளியே விட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டுதான் ஷெட்டுக்குள் போக வேண்டும். தலையில் பூ கூடாது, முகத்தில் பவுடர் கூடாது, வாயில் "நோவு", "சாவு", "போச்சு" கூடாது. தட்டில் ஒரு புழு ஊதிப்போய்ப் பால் கசிந்து கிடந்தால், கண்டவர் சத்தமில்லாமல் பொறுக்கிச் சுண்ணாம்புச் சட்டியில் போட்டுவிட்டுக் கம்மென்று இருந்துவிட வேண்டும். கூடு கட்டி முடிகிறவரைக்கும் யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

சட்டம் போட்டவள் மாதுவின் அக்கா சின்னம்மாள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசுகிற ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், அங்கே வருசக்கணக்கில் புழு வளர்த்து, புருசன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். கோபமோ பயமோ வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முந்திக்கொண்டு வரும். மற்றபடி நல்ல மனுசி. தழை வெட்டுவதில் ரெண்டு ஆளுக்குச் சமம்.

அவளுடைய சட்டத்தை மீறியது மாதுவின் மனைவி பானுமதி. போன பேட்ச் புழு தோலுரிக்கிற கடைசித் தூக்கம் எழுந்து நெகுநெகுவென்று தின்றுகொண்டிருந்த நேரம். மல்பெரிக் கிளைகளைத் தட்டில் பரப்பிக்கொண்டே, மனசு நிறைந்துபோய், "இந்தத் தடவ நல்லாத் தின்னுது. நோவு கீவு மட்டும் வராம இருந்தா நம்ம கோகிலா காலேஜ் பீசுக்கு ஆச்சு" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் விடியற்காலையில் ஷெட்டைத் திறந்தால் வரிசை வரிசையாகப் புழு ஊதிக் கிடந்தது. தட்டோடு தூக்கிக்கொண்டுபோய்க் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். மாது ஒன்றும் பேசவில்லை. சின்னம்மாள்தான் குழி மேட்டில் நின்று மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "சொல்லக் கூடாதத சொன்னா வரக் கூடாதது வரும்."

ஒரு வாட்டிதான் சொன்னாள். பானுமதிக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்கப்புறம் மகள் கோகிலவாணிக்குச் சேலத்தில் நர்சிங் சீட்டு கிடைத்தது. ஊரே வந்து கேசரி தின்றுவிட்டுப் போனது. அன்றைக்குப் பார்த்துப் பானுமதியின் தலைக்குள் ஒரு படம் ஓட ஆரம்பித்தது. சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம். ஒரு பஸ். பள்ளத்தில் கோகிலாவின் நீலத் துப்பட்டா. களி கிண்டும்போது வரும், பால் கறக்கும்போது வரும். வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரலெல்லாம் மரத்துப்போகும், இழுத்த மூச்சு இறங்காது. ஒருநாள் களித் துடுப்பைப் பிடித்தபடியே அடுப்படியில் சாய்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு தர்மபுரிக்கு ஓடினார்கள். நெஞ்சில் வயரெல்லாம் ஒட்டிப் பார்த்த டாக்டர், "இதயம் கல்லாட்டம் இருக்குதும்மா" என்றார். அப்புறம் கோவிலில் கயிறு, தர்காவில் தண்ணீர், சின்னம்மாள் கையால் மிளகாய் சுற்றிப் போட்டது எல்லாம் ஆயிற்று. மாதுவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். "ஒன்னுமில்ல, உடு" என்பான்.

யார் கேட்டாலும் பானுமதி படத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. நோவு என்று சொன்னதற்கு ஒரு ஷெட்டுப் புழுவே போனதென்றால், இதைச் சொன்னால் என்ன ஆகும்? பெற்றவள் வாயாலா? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையின் உயிரைக் காத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஊர் நர்சம்மாதான், அரசு ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருநாள் மனசுக்குப் பேசிப் பார்க்கிற மேடம் வருகிறார், போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

நம்மூரில் ஆஸ்பத்திரிக்கு யார் தனியாகப் போனார்கள்? ஊசி ஒருத்தருக்கென்றால் துணைக்கு மூன்று பேர். அந்தச் சின்ன அறைக்குள் நாலு பேரும் நுழைந்ததும் மேடத்துக்கு நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொள்ள வேண்டி வந்தது. பேர் சமரீன், தர்மபுரி டவுன்காரப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"சொல்லுங்கக்கா, என்ன பண்ணுது?" என்று பானுமதியைப் பார்த்துக் கேட்டாள்.

"நெஞ்சு அடிச்சுக்குதுங்க மேடம். தூக்கமே இல்லீங்க" என்றான் மாது.

"நல்லா இருந்த பொம்பளைங்க. சீட்டு கெடச்சதுல ஊருக் கண்ணு பட்டுருச்சு" என்றாள் சின்னம்மாள்.

"சாப்புடறதே இல்ல மேடம். களிய உருட்டிக் கையில வெச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருக்குது" என்றாள் கோகிலா.

"நான் அவங்களத்தான் கேட்டேன்."

"அவளுக்குச் சொல்லத் தெரியாதுங்க மேடம். அதுக்குத்தானே நாங்க வந்திருக்கறோம்" என்றான் மாது பெருந்தன்மையாக.

சமரீனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "ரொம்ப நல்லதுங்கண்ணா. கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடையில போண்டா சூடா இருக்கும். மூணு பேரும் நிதானமா சாப்ட்டு வாங்க" என்று அனுப்பி வைத்தாள்.

கதவு சாத்தியதும் பானுமதி, "மாத்திர குடுங்க மேடம், போறேன்" என்றாள்.

"மாத்திர வேணும்னா டாக்டர் பாத்துக் குடுப்பாருக்கா. நான் பேசறவ."

"நீங்க பேசினா சரியாயிருமா?"

"நான் பேசினா ஆவாது. நீங்க பேசினா ஆவும்."

இதென்னடா வேலை, சம்பளம் அவளுக்கு, பேச்சு எனக்கா என்று பானுமதிக்குத் தோன்றியது. ஆனாலும் பேசினாள். மழை பெய்து தழை ஈரமாக இருப்பதைப் பேசினாள், ஈரத் தழை புழுவுக்கு ஆகாது என்று விளக்கினாள், நாத்தனார் உப்பை அள்ளிப் போடுவதைச் சொன்னாள். அந்தப் பெண் நடுவில் புகாமல் கேட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இத்தனை நேரம் யாரும் தன் பேச்சைக் குறுக்கே வெட்டாமல் கேட்டதில்லை என்பது பானுமதிக்கு வீட்டுக்கு வந்து விளக்கு வைக்கும்போதுதான் உறைத்தது. கண் கலங்கியது. அடுத்த வாரம் அவளே முதலில் கிளம்பி நின்றாள்.

வாரா வாரம் போனாள். பயம் வந்தால் விரட்டாதே, வந்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல், பாதத்தைத் தரையில் நன்றாக ஊன்றி மூச்சை மெதுவாக விடு என்றெல்லாம் சமரீன் பழக்கினாள். ஓரளவுக்குத் தூக்கம் வந்தது. ஆனால் பேச்சு அந்த ஒரு இடத்தில் வந்து மாடு மாதிரி நின்றுகொள்ளும்.

"நெஞ்சு அடிச்சுக்கறதுக்கு முன்னாடி என்ன நெனப்பு வருதுங்கக்கா?"

"அதச் சொல்லக் கூடாதுங்க."

"சொன்னா?"

"நடந்துரும்." அப்புறம் குழியில் கொட்டிய புழுவின் கதையைச் சொன்னாள். சொல்லி முடிக்கையில் முந்தானை நனைந்திருந்தது.

சமரீன் அதைத் தப்பென்று சொல்லவில்லை. "சரிக்கா, கெட்டது சொன்னா நடக்குது. நல்லது சொன்னா நடக்குதா?" என்று கேட்டாள்.

பானுமதிக்கு வாய் கோணியது. ஒவ்வொரு பேட்சுக்கும் கற்பூரம் காட்டி, கூடு நல்லா வரோணும், மார்க்கெட்ல ரேட்டு ஏறோணும் என்று சின்னம்மாள் சத்தமாகத்தான் வேண்டிக்கொள்கிறாள். "எங்கீங்க, ஒரு வாட்டியும் ஏறல" என்று சொல்லிவிட்டுத் தன்னையறியாமல் சிரித்தாள்.

"அப்ப வாய்க்கு அவ்ளோ பவர் இருக்குதான்னு சின்னதா ஒன்னு வெச்சுப் பாப்பமா? யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு விசயத்த, நடந்துரும்னு ஷெட்டுக்குள்ள நின்னு சொல்லுங்க. நடக்குதான்னு பாருங்க."

பானுமதி மறுநாள் ஷெட்டுக்குள் யாருமில்லாத நேரம் பார்த்து, நாலா பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி கரண்டு போயிரும்" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, மின்விசிறி நின்றுவிட்டது.

அடுத்த வாரம் முகமெல்லாம் வெளிறிப்போய் வந்து இதைச் சொன்னபோது சமரீனால் அடக்க முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். "யக்கா! ஒலகத்துல வேற விசயமே கெடைக்கலியா? உங்க ஊர்ல கரண்டு போறதுக்கு உங்க வாக்கு வேறயா வேணும்? தெனமும் போறது யாரு சொல்லிப் போவுது?"

பானுமதியும் சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாக, "ஆமாங்க, முந்தா நாளு நான் வாயத் தொறக்கல, அன்னிக்கும் போச்சு" என்றாள். போச்சு என்ற வார்த்தை அவள் வாயில் வந்து போனதை அவளே கவனிக்கவில்லை. சமரீன் கவனித்தாள்.

இப்படியே போயிருந்தால் இன்னும் நாளாகியிருக்கும். ஆனால் ஹாஸ்டலில் சேர வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. அதற்குள் அடுத்த பேட்ச் புழுவும் கடைசித் தூக்கத்துக்குப் படுத்திருந்தது. கோகிலா ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, கொள்ளுக் கடைசலைக் களியின் குழியில் ஊற்றிக்கொண்டே, "நான் சேலம் போவலப்பா. இங்கியே பக்கத்துல எதாச்சும் காலேஜ்ல சேந்துக்கறேன்" என்றாள்.

மாது வாய்க்குக் கொண்டுபோன உருண்டையைத் தட்டிலேயே வைத்தான். "ஏங் கண்ணு? எத்தன பேரு தவங் கெடக்கறான் அந்த சீட்டுக்கு."

"அம்மாவ இப்பிடி உட்டுட்டு எப்பிடிப் போறது?"

அந்த நொடியில் பானுமதிக்கு என்ன இருந்தது தெரியுமா? சந்தோஷம். நெஞ்சுக்குள் யாரோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றினாற்போல இருந்தது. பஸ்ஸும் இல்லை, பள்ளமும் இல்லை, பிள்ளை கண்ணெதிரே இருப்பாள். களிப் பானையைக் கழுவ எழுந்து போனவள் மகளின் முதுகைத் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடிய பிள்ளை, குனிந்து தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தது. சாப்பிடவில்லை. பானுமதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பஸ் கவிழாமலேயே தான் இந்தப் பிள்ளையைக் கவிழ்த்துவிடப் போகிறோம் என்று புரிந்தது.

அந்த வாரம் சமரீனிடம் இதைத்தான் சொன்னாள். "போவலன்னு சொன்னப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சுங்க மேடம். நானெல்லாம் ஒரு தாயா?"

"தாயா இருக்கறதாலதான் சந்தோஷம் வந்துச்சு, வெக்கமும் வந்துச்சு" என்றாள் சமரீன். "அக்கா, உங்ககிட்ட ஒன்னு கேக்கறேன். நெஞ்சு அடிச்சுக்குதுன்னு நீங்க சொன்னா அண்ணன் ஒன்னுமில்ல உடுங்கறாரே, அப்ப எப்பிடி இருக்குது?"

"சொல்ல வந்தது தொண்டையிலியே நின்னுக்குதுங்க."

"கோகிலா ஒங்கள என்னம்மா என்னம்மான்னு கேக்கறப்ப நீங்க என்ன சொல்றீங்க?"

பானுமதி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒன்னுமில்ல, உடுங்கறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது புழு எழுந்திருந்தது. எழுந்த புழுவின் பசியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஷெட்டு முழுக்கச் சத்தம். கோகிலா ஒரு ஓரமும் பானுமதி மறு ஓரமுமாகத் தட்டு வரிசையில் கிளைகளைப் பரப்பிக்கொண்டு வந்தார்கள். நடுவில் எதிரெதிரே வந்ததும் பானுமதி கையிலிருந்த கிளையைக் கீழே வைத்தாள். காலை மண்தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டாள்.

"பாப்பா, உங்கிட்ட ஒன்னு சொல்லோணும்."

"என்னம்மா?"

"நீ சேலத்துக்குப் போனா தொப்பூர்ல பஸ்சு கவுந்து செத்துப்போயிருவியோன்னு எனக்கு பயமா இருக்குதுடி. சீட்டு வந்ததுலருந்து அந்தப் படந்தான் ஓடுது. சொன்னா நடந்துருமோன்னுதான் வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

"அய்யய்யோ, பேடா! பேடா!" வாசலில் தழைக்கட்டோடு வந்து நின்ற சின்னம்மாள், வேண்டாம் வேண்டாம் என்று கன்னடத்தில் அலறிக் கட்டைக் கீழே போட்டாள். "புழு வூட்ல நின்னுக்கிட்டு என்ன வார்த்தடி சொல்ற? பெத்த வாயா அது?" அவளுக்குப் பின்னால் இன்னொரு கட்டோடு வந்த மாதுவும் அப்படியே நின்றுவிட்டான்.

நாலு பேரும் தட்டையே பார்த்தார்கள். என்னவோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தார்கள். புழு பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது. ஒரு புழு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்து இலைக்கு நகர்ந்தது.

"இதுக்கா?" என்றாள் கோகிலா. "இதுக்காம்மா இத்தன நாளு எம் மூஞ்சியக்கூடப் பாக்காம இருந்த? நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என்னையப் படிக்க அனுப்ப உனக்கு இஷ்டமில்ல, எம் மேல வெறுப்புன்னு நெனச்சேன்."

"வெறுப்பா? உம் மேலயா?" பானுமதி கை கழுவாமலேயே மகளைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டாள். மல்பெரிப் பால் பிசுபிசுவென்று பிள்ளையின் முடியில் ஒட்டியது.

"போன பேட்சு பாடம் பத்தலியா உனக்கு?" என்று சின்னம்மாள் இன்னும் அடங்காமல் ஆரம்பித்தாள். "அன்னிக்கி இப்பிடித்தான்..."

"அக்கா, சும்மா இரு." இத்தனை வருசத்தில் மாது அக்காவை அப்படிச் சொன்னதில்லை. தழைக்கட்டை இறக்கிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். "போன பேட்சு அவ சொன்னதால போவல. அதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன்."

"என்னத்தப் பாத்த?"

"மேக்கால தட்டுல ஊதின புழு. மொத நாளு நாலஞ்சி, மறா நாளு ஒரு கையளவு. பொறுக்கி சட்டியில போட்டேன். சொல்லக் கூடாதுன்னு நீ சொல்லி இருக்கறயே, வாயத் தொறக்கல. அன்னிக்கே சொல்லியிருந்தா சுண்ணாம்பு தூவி, சன்னலத் தொறந்து உட்டு, ஈரத்தக் காய வெச்சு, பாதியாச்சும் காப்பாத்தியிருக்கலாம். இவ பாட்டுக்குப் பழிய எடுத்துத் தலையில போட்டுக்கிட்டா. நானும் அதச் சொல்ல தெம்பில்லாம ஒன்னுமில்ல உடுன்னே சொல்லிக்கிட்டு இருந்துட்டேன்."

சின்னம்மாள் ஷெட்டு வாசலிலேயே குந்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரத்துக்கு அவளிடமிருந்து தமிழும் வரவில்லை, கன்னடமும் வரவில்லை. அப்புறம் மெதுவாக, "நானுந்தாண்டா பாத்தேன்" என்றாள். "கெழக்கால தட்டுல."

பானுமதி புருசனையும் நாத்தனாரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்ட வேண்டும்போல இருந்தது. திட்டவும் செய்தாள். "பாவிங்களா, ஆளுக்கொரு பக்கம் பாத்துட்டு என்னைய வெச்சு வேக வெச்சீங்களே!" என்று மூக்கைச் சிந்தி அழுதாள். அந்த அழுகை அவளுக்குத் தேவை என்று தெரிந்ததாலோ என்னவோ, யாரும் அவளைத் தடுக்கவில்லை. அழுது முடித்ததும் மாது சொன்னான்: "சரி, தழ வாடுது."

ஹாஸ்டலில் சேருகிற நாளும், புழு தீனியை முடித்துப் பழுக்கிற நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. பழுத்த புழு யாருக்காகவும் காத்திருக்காது. அன்றைக்கே பொறுக்கி வலையில் ஏற்றிவிட்டால்தான் கூடு கட்டும். அதனால் பெட்டி தூக்கிக்கொண்டு மாது கூடப் போனான், பானுமதியும் சின்னம்மாளும் ஊரிலேயே நின்றுகொண்டார்கள். பானுமதி பஸ் ஏற்றிவிட மட்டும் வந்தாள். மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் கோகிலா அந்த நீலத் துப்பட்டாவைத்தான் போட்டுக்கொண்டு நின்றாள்.

"வேற போடறதுதான?" என்றாள் பானுமதி.

"வேணும்னேதான் போட்டிருக்கறேன். பயமா இருக்குதா?"

"இருக்குது."

"இருக்கட்டும். வரட்டுமா?"

"வா சாமி."

ஷெட்டுக்குத் திரும்பிப் பழுத்த புழுவைப் பொறுக்கும்போது படம் ஓடியது. நெஞ்சும் அடித்துக்கொண்டது. "அண்ணி, பயம் வந்திருக்குது" என்று பானுமதி சத்தமாகச் சொன்னாள். சின்னம்மாள் திடுக்கிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, "வந்தா வரட்டும், நீ பொறுக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "ஏ பானு, இந்தத் தட்டுல ஒரு புழு ஊதியிருக்குது. நோவு... நோவாட்டம் இருக்குது" என்று அந்த வார்த்தையை வாய்க்குள் வைத்துத் தடவித் தடவிச் சொன்னாள். ரெண்டு பேருமாகச் சுற்றியிருந்த புழுவைப் பொறுக்கிச் சுண்ணாம்பு தூவினார்கள். மற்றதெல்லாம் தேன் நிறத்தில் பளபளவென்று வலையேறியது.

சாயங்காலம் போன் அடித்தது. பானுமதி கையைத் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நல்லபடியா வந்து சேந்தாச்சு. அப்பா இப்பத்தான் திரும்ப பஸ்சு ஏறினாரு."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்." அப்புறம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. "அம்மா... இங்க யாரையுமே தெரியலம்மா. ரூம்புல நான் மட்டும் உக்காந்திருக்கறேன். எனக்கு பயமா இருக்குதும்மா."

ஒன்னுமில்லன்னு சொல்லு, ஒன்னுமில்லன்னு சொல்லு என்று சின்னம்மாள் எதிரே நின்று கையை ஆட்டி ஆட்டிச் சாடை காட்டினாள். பானுமதி வேண்டாமென்று தலையசைத்தாள். வலையிலேறிய முதல் புழுக்கள் தலையை ஆட்டி ஆட்டி நூல் விட ஆரம்பித்திருந்தன. அவள் ஒரு காலித் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லு சாமி" என்றாள். "எல்லாத்தையும் சொல்லு. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன்."